மைம் வகுப்புக்கு என்ன வாங்கலாம்: பருத்திக் கயிறு முதல் வெள்ளை அரிதாரம் வரை

கல்லூரிக் கலைவிழாவுக்கு மைம் (பேச்சில்லாமல் உடம்பால் மட்டும் நடிப்பது) குழு சேர்ந்ததும் கடைக்குப் போய் வாங்குகிற சாமான் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: வெள்ளை மேக்கப் டப்பா, வெள்ளைக் கையுறை, கறுப்பு டீ-ஷர்ட். மூன்றும் மேடைக்குத் தேவை. வகுப்புக்குத் தேவையானவை வேறு. இல்லாத சுவரைத் தொடவும், இல்லாத கயிற்றை இழுக்கவும், இல்லாத பாரத்தைத் தூக்கவும் புதியவர்களுக்குக் கற்றுத்தரும் முதல் பத்து வகுப்புகளில் எந்தப் பொருள் கை கொடுக்கிறது, எது வீண் செலவு, எது கற்றுக்கொள்வதையே கெடுக்கிறது என்று ஒவ்வொன்றாக எடைபோட்டு எழுதியிருக்கிறோம். ஓர் ஆசிரியர், பன்னிரண்டு மாணவர், ஒன்றரை மணி நேர வகுப்பு என்பது எங்கள் கணக்கு.

முதல் செலவு கயிறு. முறுக்கிய பருத்திக் கயிறு, 8 மீட்டர் நீளம், 20 முதல் 25 மில்லிமீட்டர் தடிமன். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமனாக இருந்தால் சரி. கொடிக்குக் கட்டுகிற நைலான் கயிறு இந்த வேலைக்கு ஆகாது. அது மெல்லிசு, பிடித்தால் கை முழுதாக மூடி முஷ்டியாகிவிடும். பிறகு கயிறில்லாமல் செய்யும்போதும் மாணவர் வெறும் முஷ்டியைத்தான் முன்னும் பின்னும் ஆட்டுவார். தேங்காய்நார்க் கயிறு தடிமனாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் உள்ளங்கையைப் பிராண்டும். வலிக்குப் பயந்து பாதிப் பிடியில் இழுத்துப் பழகியவர்களின் கையில் அந்தத் தயக்கம் அப்படியே தங்கிவிடுகிறது. வீட்டில் பழைய தாம்புக்கயிறு பருத்தியில், போதிய தடிமனில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நுனியும் பிரியாமல் நூல் சுற்றிக் கட்டிவிடுங்கள். 40 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். இந்த டேப்தான் பாதிப் பாடத்தை நடத்தும்.

எப்படியென்றால், நிஜக் கயிற்றை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மெதுவாக இழுக்கட்டும். இழுப்பவரின் இரண்டு கைகளும் இரண்டு சிவப்புக் குறிகளில் இருக்க வேண்டும். இடது கால் முன்னால், வலது கால் பின்னால், உடம்பு பார்ப்பவர்களுக்குப் பக்கவாட்டில். எடை முதலில் முன்காலில், முழங்கால் மடங்கி. இழுப்பு கையில் தொடங்குவதில்லை. முன்கால் தரையை உந்துகிறது, இடுப்பு பின்னால் போகிறது, அப்புறம் மார்பு, கடைசியில்தான் கை. பின்கை இடுப்புக்குப் பக்கத்தில் வந்ததும் நிற்க வேண்டும். இப்போது பின்கை பிடியை விட்டு, முன்கையைத் தாண்டி அடுத்த சிவப்புக் குறியைப் பிடிக்கிறது. அந்த நேரத்தில் உடம்பு முன்காலுக்குத் திரும்புகிறது. கயிற்றைப் பிடித்திருக்கும் கை மட்டும் இம்மியும் நகராமல் காற்றில் அதே இடத்தில் நிற்கிறது. உடம்பு அந்தக் கையைக் கடந்து முன்னே வருகிறது. நிஜக் கயிற்றில் இது தானாக நடக்கும், ஏனென்றால் எதிராளி பிடித்துக்கொண்டிருக்கிறார். கயிறு போனதும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு முதலில் கெடுவது இந்த ஒரு கணம்தான்: உடம்போடு சேர்ந்து கையும் முன்னால் வந்துவிடும், கயிறு செத்துவிடும்.

ஆகவே கயிற்றை ஒரேயடியாக எடுத்துவிடக் கூடாது. மாணவர் பிடித்தபடி நிற்கும்போது எதிரே இருப்பவர் கயிற்றை அவர் கைக்குள்ளிருந்து மெல்ல உருவி எடுக்கட்டும். கை அப்படியே நிற்க வேண்டும். பக்கவாட்டில் போய்க் குனிந்து பாருங்கள்: கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேர்ந்து ஒரு குழல் போல வளைந்திருக்கும்; அந்த ஓட்டை வழியாக எதிர்ச்சுவர் ஒரு சின்ன வட்டமாகத் தெரியும். கயிறு போன ஐந்தாவது விநாடியில் அந்த வட்டம் சுருங்க ஆரம்பிக்கும். பத்தாவது விநாடியில் முஷ்டி. மாணவருக்கே தெரியாமல் நடக்கிற வேலை இது. மறுபடி கயிற்றைக் கொடுங்கள், மறுபடி உருவுங்கள். நான்கைந்து தடவையில் கை அந்தத் தடிமனை நினைவில் வைத்துக்கொள்ளும். கயிற்றின் தடிமன் முக்கியம் என்று மேலே வலியுறுத்தியதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு கோளாறு, இரண்டு கைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்காதது. ஒவ்வொரு இழுப்புக்கும் முன்கை கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டே போகும். பார்ப்பவர்களுக்குக் கயிறு பாம்பாக நெளியும். தோள் காதை நோக்கி உயர்ந்தாலும் இதே விளைவு. முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்துப் பாரத்தைக் காட்டுவதைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடுங்கள். பாரம் இடுப்பில் தெரியவில்லையென்றால் முகத்தில் எவ்வளவு காட்டினாலும் தெரியாது.

கிணற்றில் நீர் இறைப்பதையும் இதே கயிற்றில் சொல்லிக்கொடுக்கலாம். உறுதியான ஜன்னல் கம்பிக்கு மேலாகவோ, மாமரக் கிளைக்கு மேலாகவோ கயிற்றைப் போட்டு மறுமுனையில் பாதி நிரம்பிய வாளியைக் கட்டினால் போதும். கீழ்நோக்கி இழுக்க வேண்டும், ஒரு கை பிடித்த பிறகே மறுகை விட வேண்டும். புதியவர்கள் வேகம் பிடித்ததும் இரண்டு கையையும் ஒரு நொடி சேர்த்துத் திறந்துவிடுவார்கள். அந்த நொடியில் வாளி கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. பார்வையாளருக்கு என்ன தப்பென்று சொல்லத் தெரியாது, ஆனால் நம்பிக்கை போய்விடும்.

அடுத்தது குடம். கடையில் விற்கிற 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் ஒன்று. பாரம் தூக்கக் கற்றுத்தர மேல்நாட்டு வகுப்புகளில் சூட்கேஸ்தான் வழக்கம். இப்போது வீட்டில் இருப்பதெல்லாம் சக்கரம் வைத்த பெட்டி. இழுத்துப் பழகிய கை அதைத் தூக்குவதில்லை. குடத்தை இடுப்பில் வைத்தால் உடம்பு எப்படி மாறும் என்பது நம் மாணவர்களில் பலருக்குத் தெரியும், தெரியாதவர்கள் அம்மாவையோ பாட்டியையோ பார்த்திருப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் எடையைக் கூட்டிக் குறைப்பதும் எளிது. 5 லிட்டர், 10 லிட்டர், 15 லிட்டர் என்று மூன்று அளவிலும் தூக்கச் சொல்லுங்கள். முதுகுவலி உள்ளவர்களுக்கு 5 லிட்டரோடு நிறுத்துங்கள்.

ஒருவர் தூக்கும்போது மற்றவர்கள் பார்க்க வேண்டியது குடத்தை அல்ல, குடம் இல்லாத பக்கத்தை. 5 லிட்டரில் அந்தப் பக்கத்துக் கை சாதாரணமாகத் தொங்கும். 10 லிட்டரில் உடம்பிலிருந்து விலகும். 15 லிட்டரில் தோள் சரிந்து, இடுப்பு குடத்துக்குக் கீழே வெளியே தள்ளி, மறுகை காற்றைத் துழாவிச் சமநிலை தேடும். அடி எடுத்து வைப்பது குட்டையாகும். தூக்குவதில் முதல் முயற்சி தோற்க வேண்டும் என்பதும் கவனிக்க வேண்டியது. முழங்கால் மடங்குகிறது, கை குடத்தின் கழுத்தைப் பிடிக்கிறது, உடம்பு எழப் பார்க்கிறது, குடம் வரவில்லை. ஒரு மூச்சு. இடுப்பு இன்னும் கீழே போய்ப் பாரத்துக்கு அடியில் நுழைகிறது. இரண்டாவது தடவை எழுகிறது. நிஜப் பாரத்தில் இந்தத் தோல்வி அரை நொடிகூட இருக்காது. மேடையில் அதை இரண்டு நொடியாக நீட்டினால்தான் கடைசி வரிசைக்குப் பாரம் தெரியும்.

இறக்கி வைப்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். தரைக்கு அரையடி மேலேயே கை விரிந்துவிடும், குடம் அந்தரத்தில் நின்றுவிடும். குடத்தின் அடி தரையில் பட்ட பிறகு, உடம்பிலிருந்து பாரம் இறங்குகிற அந்த லேசான எழுச்சி வந்த பிறகு, கை விட வேண்டும். வைத்த இடத்தில் குடம் இன்னும் இருக்கிறது என்பதும் மறந்துபோகும். அடுத்த அடியில் அதன் மேலேயே நடந்து போவார்கள். வகுப்பில் குடம் வைத்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டால் இது தீரும்.

பரதம் படித்துவிட்டு மைமுக்கு வருகிறவர்களுக்கு இந்த இடத்தில் தனிக் கவனம் வேண்டும். அவர்களுடைய கையும் கண்ணும் மற்றவர்களைவிடத் தெளிவாக இருக்கும், உடம்பு சொன்னபடி கேட்கும். ஆனால் பொருள் என்றதும் கை முத்திரைக்குப் போகும். முத்திரை குடம் என்ற சொல்லைச் சொல்கிறது. மைமில் குடத்தின் வாய் எவ்வளவு அகலம், கழுத்து எவ்வளவு குறுகல், உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று கை சொல்ல வேண்டும். இரண்டும் வேறு வேறு இலக்கணம். அவர்களிடம் முத்திரையை மறக்கச் சொல்லாதீர்கள், நிஜக் குடத்தை மற்றவர்களைவிட அதிக நேரம் கையில் கொடுங்கள்.

சுவருக்கு எதுவும் வாங்க வேண்டாம், சுவர் இருக்கிறது. ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கினால் போதும். இந்தப் பட்டியலில் விலைக்கு மேல் வேலை செய்யும் பொருள் இதுதான். அக்ரிலிக் தகடு வாங்கி நிறுத்தி அதன் மேல் பயிற்சி செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அழுத்தினால் வளையாத தடிமனில் ஆளுயரத் தகடு வாங்கினால் விலையும் அதிகம், எடையும் அதிகம், சரியாகப் பொருத்தாவிட்டால் ஆள்மேல் சாயும். அதில் ஒரே ஒரு நன்மை உண்டு: மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அழுத்தும் இடங்களில் உள்ளங்கை வெளுப்பது தெரியும். அதைக் கல்லூரி அலுவலகத்தின் கண்ணாடிக் கதவிலேயே ஒரு தடவை காட்டிவிடலாம்.

பொட்டை இப்படிப் பயன்படுத்துங்கள். மாணவர் சுவரில் இரண்டு கைகளையும் மார்பு உயரத்தில் வைக்கட்டும். பத்து விரல் நுனிக்கும் பத்துப் பொட்டு. இப்போது விரல்கள் பொட்டைவிட்டு விலகாமல் உடம்பு இடம் வலமாக அசையட்டும், முன்னே வந்து பின்னே போகட்டும், முழங்கால் மடக்கி இறங்கட்டும். முழங்கை எப்படி மடங்கி நீள்கிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று, பொட்டைப் பார்த்தபடி காற்றில் அதையே செய்யட்டும். கை நகர்ந்தால் பொட்டோடு ஒப்பிட்டு அவருக்கே தெரிந்துவிடும். மூன்றாவதாக, சுவரை விட்டு வந்து, இரண்டு நாற்காலிக்கு நடுவே மார்பு உயரத்தில் இழுத்துக் கட்டிய பருத்தி நூலின் ஓரத்தில் செய்யட்டும். எந்தக் கையும் நூலைத் தாண்டக் கூடாது, நூலுக்கு முன்னாலேயே நிற்கவும் கூடாது. பக்கவாட்டில் நிற்கும் இன்னொரு மாணவர் கதவு நிலையின் ஓரத்தோடு ஒத்துப் பார்த்து இரண்டு கைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று சொல்லலாம்.

தொடுகிற முறையை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். சுவரை நோக்கிப் போகும் கை தளர்ந்து, விரல்கள் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சுவர் இருக்கும் இடத்துக்கு வந்ததும் மணிக்கட்டு பின்னால் மடங்கி, விரல்கள் விரிந்து, உள்ளங்கை ஒரே வெட்டில் தட்டையாக வேண்டும். அந்தத் தளர்ச்சியிலிருந்து இறுக்கத்துக்குப் போகும் வெட்டுதான் சுவர். தொடக்கத்திலிருந்தே கையை விறைப்பாக விரித்துக்கொண்டு போனால் எங்கே தொட்டார் என்றே தெரியாது. எடுக்கும்போதும் அப்படியே: முதலில் தளர்ச்சி, பிறகு விலகல். பிரான்சின் மைம் ஆசான் எத்தியென் தெக்ரூ இந்த வெட்டுக்கு ‘டொக்’ என்று பெயர் வைத்திருந்தார். நம் வகுப்பில் ‘டக்’ என்றால் போதும், எல்லோருக்கும் புரியும்.

அந்த ‘டக்’குக்கு ஒரு மரக்கட்டை வாங்கலாம். நட்டுவனார் வைத்திருக்கும் தட்டுக்கழியும் மனையும் மிகப் பொருத்தம். கிடைக்காவிட்டால் சப்பாத்திக் கட்டையும் பலகையும் போதும். ஜால்ரா வேண்டாம். உலோகத்தின் ஒலி தொடர்ந்து அதிரும். அந்த அதிர்வோடு சேர்ந்து கையும் நடுங்கி நிற்காமல் போகும். மரம் தட்டியதும் அடங்கிவிடும், கையும் அங்கேயே அடங்கும். நிமிடத்துக்கு 40 தட்டில் தொடங்கி 60 வரை போகலாம், அதற்கு மேல் அவசரம் வேண்டாம். பின்னணி இசைக்கு ஸ்பீக்கர் இந்தக் கட்டத்தில் கூடாது. இசை ஓடினால் எல்லாமே சரியாக இருப்பது போல் தோன்றிவிடும்.

ஆளுயரக் கண்ணாடியைப் பலர் நல்ல முதலீடு என்பார்கள். நாங்கள் அதற்கு எதிர்க்கட்சி. மைமில் கை போகும் முன் கண் போக வேண்டும். கயிறு எங்கே இருக்கிறது என்று கண் முதலில் பார்த்து முடிவு செய்தால்தான் பார்வையாளருக்கும் கயிறு அங்கே தெரியும். கண்ணாடி முன்னால் நிற்கும் மாணவர் கயிற்றைப் பார்ப்பதில்லை, தன்னைப் பார்க்கிறார். அந்தப் பார்வை பழக்கமாகிவிட்டால் மேடையிலும் கண் பார்வையாளர் பக்கமே போய் நிற்கும், திருத்துவது கஷ்டம். அதற்குப் பதில் ஒரு டிரைபாட் வாங்குங்கள். செல்போனை இடுப்பு உயரத்தில், 3 மீட்டர் தள்ளி வைத்து, பின்பக்கக் கேமராவில் 30 விநாடி எடுத்து உடனே காட்டுங்கள். செல்ஃபி கேமராவில் எடுத்தால் சில போன்கள் இடம் வலம் மாற்றிக் காட்டும், திருத்தம் சொல்லும்போது குழப்பம் வரும். வீடியோவை ஒலியில்லாமல், பாதி வேகத்தில் ஓட்டினால் கை நழுவுகிற இடம் கண்ணுக்குப் பளிச்சென்று படும்.

முகமூடி வாங்கலாமா? கைவினைக் கடைகளில் வெள்ளை பிளாஸ்டிக் முகமூடி மலிவாகக் கிடைக்கிறது. கண் துளை சிறியது, முகத்தோடு ஒட்டிக்கொள்வதால் பத்து நிமிடத்தில் உள்ளே வேர்த்துவிடும், மூச்சு முட்டும். 1956-ல் பாரிஸில் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகோக் பயன்படுத்திய, எந்த உணர்ச்சியும் காட்டாத நடுநிலை முகமூடிகள் இத்தாலியச் சிற்பி அம்லேத்தோ சார்தோரி தோலில் செய்தவை. முகத்துக்கும் முகமூடிக்கும் இடைவெளி விட்டுச் செய்யப்பட்டவை. அந்த வேலையை பிளாஸ்டிக் செய்யாது. அதைவிட மெல்லிய மல்மல் துணி ஒன்றரை மீட்டர் வாங்கி, முகத்தின் மேல் தளர்வாகப் போட்டுப் பின்னால் முடிந்துவிடலாம். தெக்ரூ பயின்ற ழாக் கோப்போவின் நாடகப் பள்ளியிலேயே மாணவர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டுதான் உடம்பால் பேசப் பழகினார்கள். முகம் மறைந்ததும், பாரத்தை முகத்தில் காட்டி ஏமாற்றியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போதும். பக்கத்தில் ஒருவர் காவலுக்கு நிற்கட்டும். படிக்கட்டுள்ள மேடையில் இதைச் செய்யக் கூடாது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

உடைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பளபளக்காத கறுப்புப் பருத்தி டீ-ஷர்ட், கறுப்பு டிராக். பாலியஸ்டர் விளக்கில் மினுங்கும், உடம்பின் கோடு சிதறும். மேடையில் முழுக்கை அழகு, ஏனென்றால் கறுப்புத் திரையில் கைகள் மட்டும் மிதக்கும். வகுப்பில் அரைக்கைதான் நல்லது. முழங்கை எங்கே மடங்குகிறது என்று ஆசிரியருக்குத் தெரியாவிட்டால் எதைத் திருத்துவது? காலுக்கு, இருந்த இடத்திலேயே நடப்பதைக் கற்றுத்தரும்போது மட்டும் மெல்லிய அடிப்பாகம் உள்ள கான்வாஸ் ஷூ. 1930-களின் தொடக்கத்தில் தெக்ரூவும் நடிகர் ழான்-லூயி பாரோவும் சேர்ந்து உழைத்து உருவாக்கிய நடை அது. எடை எப்போதும் குதிகால் தூக்கிய காலில். தட்டையாகப் பின்னோக்கி வழுக்கும் காலில் எடையே இருக்கக் கூடாது. வெறுங்கால் மொசைக் தரையில் ஒட்டிக்கொள்ளும், வழுக்காது. சாக்ஸ் அளவுக்கு மேல் வழுக்கி ஆளை விழவைக்கும்.

கையுறையைப் பத்தாவது வகுப்பு வரை வாங்காதீர்கள். கை தொலைவுக்குத் தெரிய அது உதவும் என்பது உண்மை. ஆனால் தையல் தடித்த, சீருடைக் கடையில் விற்கும் அணிவகுப்புக் கையுறை விரல் கணுக்களை மறைத்துவிடும். மேலே சொன்ன அந்தக் குழல் வளைவும், சுவரைத் தொடும் வெட்டும் துணிக்குள் மழுங்கிப்போகும். மேடைக்கு வாங்கும்போது மெல்லிய, இழுபடும் பருத்தியில், விரல் நுனியில் துணி மிஞ்சாத அளவில் வாங்குங்கள். ஒரே அளவை எல்லோருக்கும் வாங்கினால் பலருக்குத் தொளதொளவென்றுதான் இருக்கும்.

இனி எல்லோரும் முதலில் வாங்க நினைக்கும் வெள்ளை. அது வெறும் அலங்காரம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் ஃபுனாம்புல் அரங்கில் மைம் நடிகர் ழான்-காஸ்பார் தெபுரோ வெள்ளை முகத்தோடு பியெரோ என்ற கோமாளிப் பாத்திரமாக நின்றபோது, மங்கிய விளக்கில் புருவம் அசைவதும் உதடு சுளிப்பதும் தூரத்துக்குத் தெரிந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கூத்துக்காரர் முகத்தில் அரிதாரம் செய்கிற வேலையும் அதேதான். 1947-ல் பிரெஞ்சு மைம் கலைஞர் மார்செல் மார்சோ ‘பிப்’ பாத்திரத்தை உருவாக்கியபோது அந்த வெள்ளையையே எடுத்துக்கொண்டார். கொல்கத்தாவில் ஜோகேஷ் தத்தாவும் நிரஞ்சன் கோஸ்வாமியும் அதே முகத்தோடுதான் மைமை நம் நாட்டு மேடையில் நிலைநிறுத்தினார்கள். வெள்ளை எதையும் சேர்ப்பதில்லை, இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கண் தப்பான இடத்தைப் பார்த்தால் அதையும் பெரிதாக்கும்.

சந்தையில் மூன்று வகை. நீரில் கரையும் கேக், எண்ணெய்ப் பசையுள்ள கிரீஸ், நாமே குழைக்கும் ஜிங்க் ஆக்சைடு. 1945-ல் பெர்லினில் தொடங்கிய கிரையோலான் நிறுவனத்தின் அக்வாகலர் முதல் வகைக்கும், சூப்ராகலர் இரண்டாம் வகைக்கும் நல்ல உதாரணம். இரண்டிலும் வெள்ளைக்கு எண் 070. மற்ற நிறுவனங்களின் சரக்குக்கும் கீழே சொல்லும் முறை பொருந்தும்.

நீர் வகைக்கு ஸ்பாஞ்சை நனைத்து முழுதாகப் பிழிந்துவிடுங்கள். சொட்டக் கூடாது. கேக்கில் வட்டமாகத் தேய்த்து, முகத்தில் ஒற்றி ஒற்றி வையுங்கள். இழுத்தால் கோடு விழும். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஒரு பூச்சு போட்டால் சாம்பல் பூத்தது போல் இருக்கும். அதற்காக முதல் பூச்சையே தடிமனாகப் போடுவது பெரிய தப்பு, காய்ந்ததும் சிரிப்புக் கோட்டில் வெடிக்கும். மெல்லிசாக ஒன்று, இரண்டு நிமிடம் காயவிட்டு, மெல்லிசாக இன்னொன்று. காயும் வரை பேசாமல், சிரிக்காமல் இருக்க வேண்டும். கீழ்த்தாடை எலும்போடு நிறுத்துங்கள், கழுத்துக்கும் காதுக்கும் வேண்டாம். முகம் ஒரு முகமூடி போல் தனித்து நிற்கும். இமை ஓரத்தில் மயிரிழை இடம் விடுங்கள், கண்ணீர் வந்து கரையாமல் இருக்கும். புருவத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, உதட்டுக்கு உதட்டளவே சிவப்பு. அதற்குமேல் கன்னத்தில் பூவும் நட்சத்திரமும் வரைந்தால் பார்வை அங்கே போய்விடும்.

இந்த வகையின் குறை வியர்வை. ஏசி இல்லாத அரங்கில், ஏப்ரல் வெயிலில், நெற்றியிலிருந்து கோடு இறங்கும். பல்கலைக்கழக இளைஞர் விழாக்களில் மைம் என்றால் ஆறு பேர், ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை இது தாங்கும், காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தைத் தாங்காது. ஆகவே மேடையேற இருபது நிமிடம் முன்பு போடுங்கள். தெருமுனையில் சாலைப் பாதுகாப்பு மைம் செய்பவர்களுக்கும், ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கும் கிரீஸ்தான். ஒரே பூச்சில் மூடும், வியர்வைக்கு அசையாது. ஆனால் பவுடர் போட்டு இறுக்காவிட்டால் கை பட்ட இடமெல்லாம் ஈஷிக்கொள்ளும், சக நடிகரின் கறுப்புச் சட்டை முதல் பலி. புறங்கையில் கொஞ்சம் எடுத்துச் சூடாக்கி, விரல் நுனியால் மெல்லிசாகப் பரப்பித் தட்டுங்கள். கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டு, நிறமில்லாத பவுடரைப் பஃபால் அழுத்துங்கள், தூவாதீர்கள். இரண்டு நிமிடம் கழித்து மிச்சத்தை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றினால் பவுடர் வெளுப்பு அடங்கி இறுகிவிடும்.

கையில் காசு குறைவென்றால் மருந்துத் தரத்து ஜிங்க் ஆக்சைடு பொடியில் தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் களிம்புப் பதத்துக்குக் குழைக்கலாம். கட்டி இல்லாமல் அரைபட வேண்டும், பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது. நம் நாடகக்காரர்களுக்குப் பழக்கமான முறை. மூடும் சக்தியில் குறையில்லை. தேங்காய் எண்ணெய் சூட்டில் இளகும் என்பதால் பவுடர் கட்டாயம். போஸ்டர் கலர், ஃபேப்ரிக் பெயின்ட், பெயின்ட் கடை சபேதா (வெள்ளை வண்ணப் பொடி) இவற்றை முகத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பழைய சபேதாவில் ஈயம் இருந்தது. எந்த வகையானாலும் முந்தின நாள் முழங்கையின் உட்புறம் ஒரு பொட்டு வைத்துப் பார்த்து, அரிப்போ சிவப்போ வந்தால் அந்த மாணவர் வெள்ளையில்லாமலே ஆடட்டும்.

கலைப்பதற்கு நீர் வகைக்குச் சோப்பும் தண்ணீரும் இரண்டு தடவை போதும். கிரீஸுக்கும் ஜிங்குக்கும் முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்பு. எண்ணெய் வைக்காமல் சோப்பைத் தேய்த்தால் வெள்ளை மயிர்க்கால்களில் போய் அடைந்துகொள்ளும். மூக்கு மடிப்பிலும், நெற்றியில் முடி தொடங்கும் ஓரத்திலும் தங்கிவிடும், தனியே பார்த்துத் துடையுங்கள். ஸ்பாஞ்ச் ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி வையுங்கள். ஒரே ஸ்பாஞ்ச் ஆறு முகம் சுற்றினால் மெட்ராஸ் ஐ காலத்தில் குழு முழுக்கக் கண் சிவந்து உட்காரும். கழுவிய ஸ்பாஞ்சை வெயிலில் காயவைத்து, கேக்கின் மேல் ஈரம் போன பிறகே டப்பாவை மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் அடுத்த விழாவுக்குத் திறக்கும்போது பூஞ்சை பூத்திருக்கும்.